நடுவில் முப்பது வருஷம்

விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது எங்கள் சபையில் எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்குவார்கள். கன்னி மரியாளிடம் பிறந்தார் என்று சொன்னதும் அந்த மூச்சு. அடுத்து வருகிற பெயர் பொந்தியு பிலாத்து. நடுவில் அரை வினாடிகூட இருக்காது. அதற்குள் ஒரு மனிதர் வளர்ந்து, வேலை கற்று, வேலை பார்த்து, ஊரை விட்டுக் கிளம்பி, பேசி, சாப்பிட்டு, சண்டை போட்டு, கைதாகிவிடுகிறார். தொட்டிலில் இருந்து நேராகக் கோர்ட்டு. இதை இறையியல் படித்தவர்கள் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் வள்ளூரில் நின்றுகொண்டு அதைச் சொல்லும்போது வேறு மாதிரி உறுத்துகிறது. அந்த இடைவெளிக்குள் விழுந்து காணாமல் போன விஷயங்கள்தான் இங்கே ஞாயிறு தவிர மற்ற ஆறு நாளும் நடக்கின்றன.

வள்ளூர் என்று சொன்னால் முதலில் "வேலூரா?" என்பார்கள். இல்லைங்க, வள்ளூர். "ஓ, திருவள்ளூரா?" அதுவும் இல்லை. மீஞ்சூர், அத்திப்பட்டு பக்கம் என்றால் கொஞ்சம் புரியும். கடைசியில் "அந்த பவர் பிளான்ட் பக்கமா?" என்பார்கள். ஆமாம், அதேதான். 500 மெகாவாட் வீதம் மூன்று அலகுகள், மொத்தம் 1500 மெகாவாட். ஊருக்கு முகவரியே அந்தப் புகைபோக்கிதான். சென்னையில் ஏ.சி. ஓடுகிறதென்றால் அதில் எங்கள் ஊருக்கும் பங்கு உண்டு. அந்தப் பங்கின் சாம்பல் எங்களுக்கு.

தமிழ் இந்த விஷயத்தில் ஒரு உதவி செய்திருக்கிறது. பிலாத்துவின் பெயரோடு சேர்ந்து வரும் சொல் 'பாடுபட்டு.' ஆங்கிலத்தில் அந்த இடத்தில் இருப்பது துன்பம் மட்டும். தமிழில் பாடு என்பது துன்பமும்தான், உழைப்பும்தான். பாடுபட்டுச் சேர்த்த காசு என்கிறோம். பாட்டாளி அந்தச் சொல்லில் இருந்து வந்தவர். கடலுக்குப் போய் வந்தவரிடம் மீன்பாடு எப்படி என்று கேட்கிறோம். இங்கிருந்து வடக்கே பழவேற்காட்டில், ஏரியில் எந்த நாள் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் வழக்கத்துக்கே பாடு என்றுதான் பெயர். பிரமாணத்தை எழுதியவர்கள் விட்டுவிட்ட முப்பது வருஷத்தை, மொழிபெயர்த்தவர் தெரியாமலேயே உள்ளே கொண்டுவந்துவிட்டார் என்று எனக்குத் தோன்றும்.

அந்த முப்பது வருஷத்தைப் பற்றி நமக்குத் தெரிந்தது ரொம்பக் கொஞ்சம். குழந்தையை தேவாலயத்துக்குக் கொண்டுபோனபோது பெற்றோர் கொடுத்த காணிக்கை புறாவோ காட்டுப்புறாவோ ஒரு ஜோடி என்கிறார் லூக்கா. ஆட்டுக்குட்டி கொடுக்க முடியாதவர்களுக்கு லேவியராகமம் அனுமதித்த சலுகை அது. மத்தேயுவின்படி குடும்பம் எகிப்துக்கு ஓடிப்போய், ஆட்சி மாறிய பிறகு திரும்பி வருகிறது. பன்னிரண்டு வயதில் எருசலேமில் காணாமல் போய் மூன்றாம் நாள் கிடைக்கிறார். அப்புறம் ஒன்றும் இல்லை. அடுத்து பார்க்கும்போது ஏறக்குறைய முப்பது வயது. நடுவில் என்ன செய்தார் என்பதற்கு ஒரே ஒரு சாட்சி. ஊர்க்காரர்கள் எரிச்சலில் கேட்கிற கேள்வி: இவன் அந்தத் தச்சன்தானே?

இந்த வெறுமையை மனிதர்களால் தாங்கவே முடிந்ததில்லை. ஆரம்பகாலத்திலேயே, சிறுவன் இயேசு களிமண்ணில் குருவி செய்து பறக்கவிட்டதாகக் கதைகள் எழுதினார்கள். களிமண் பறவைக்கு உயிர் கொடுத்தது திருக்குர்ஆனிலும் வருகிறது. 1894இல் நோட்டோவிச் என்ற ரஷ்யர், இயேசு இந்தியாவுக்கு வந்து படித்தார், லடாக் மடாலயம் ஒன்றில் அதற்கான சுவடியைப் பார்த்தேன் என்று ஒரு புத்தகம் போட்டார். மாக்ஸ் முல்லர் உட்பட விசாரித்தவர்கள் அது கட்டுக்கதை என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். இன்றைக்கும் யூடியூபில் அது ஓடுகிறது. என் நண்பர்களே எனக்கு அனுப்புகிறார்கள். ஒரு மீட்பர் முப்பது வருஷம் ஒரு சின்ன ஊரில் வேலைக்குப் போய் வந்து கொண்டிருந்தார் என்பதை நம்புவதைவிட, அவர் காஷ்மீருக்கு நடந்து போனார் என்று நம்புவது சுலபமாக இருக்கிறது போலும்.

நாசரேத் அவ்வளவு சின்ன ஊர். பழைய ஏற்பாட்டில் அதன் பெயர் ஒருமுறைகூட வராது. நாத்தான்வேல் அந்தப் பெயரைக் கேட்டதும் அங்கிருந்து நல்லது ஏதாவது வருமா என்று கேட்டுவிட்டார். எங்களுக்கு அந்தத் தொனி நல்லாவே தெரியும். அந்த ஊரில் இருந்து சுமார் ஆறு கிலோமீட்டரில் செப்போரிஸ் என்ற நகரம். ஏரோது இறந்தபோது அங்கே கலகம் வெடித்தது, ரோமப் படை வந்து ஊரை எரித்து, மக்களை அடிமைகளாக விற்றது. பிறகு ஏரோதின் மகன் அந்திப்பா அதைத் தன் தலைநகராக, பெருமைக்குரிய நகராகக் கட்டத் தொடங்கினான். இயேசு வளர்ந்த காலமும் அந்த நகரம் எழும்பிய காலமும் ஒன்று. நாம் தச்சன் என்று சொல்லும் கிரேக்கச் சொல் 'தெக்தோன்'. மர வேலை மட்டுமல்ல, கல்லும் சுவரும் கூரையும் சேர்ந்த கட்டட வேலைக்காரரையும் குறிக்கும் சொல். யோசேப்பும் மகனும் செப்போரிசுக்கு வேலைக்குப் போயிருப்பார்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். அது ஊகம்தான். ஆனால் ஆறு கிலோமீட்டரில் இவ்வளவு பெரிய கட்டுமானம் நடக்கும்போது பக்கத்து ஊர் வேலைக்காரர்களுக்கு அதோடு சம்பந்தமே இல்லாமல் இருந்திருக்கும் என்று நினைப்பது, வள்ளூரில் இருந்துகொண்டு பிளான்ட்டை ஒருநாளும் பார்த்ததில்லை என்று சொல்வது மாதிரி. இதில் எனக்குப் பிடித்த விவரம் வேறொன்று: நான்கு சுவிசேஷங்களிலும் செப்போரிஸ் என்ற பெயர் இல்லை. அவர் அங்கே பிரசங்கம் பண்ணியதாக ஒரு வரி இல்லை.

சரி, இந்த முப்பது வருஷத்தில் இருந்து கிறிஸ்தவர்கள் என்ன கற்றுக்கொள்வது?

வழக்கமாகக் கேட்கிற பிரசங்கம் இப்படிப் போகும். அவர் காத்திருந்தார், கீழ்ப்படிந்திருந்தார், பிதாவின் வேளை வரும்வரை பொறுத்திருந்தார். நீங்களும் பொறுங்கள், தேவன் உங்களைத் தயார்படுத்திக்கொண்டிருக்கிறார். ஆமென். இதில் ஒரு சங்கடம் உண்டு. இப்படிச் சொன்னால் முப்பது வருஷமும் ஒரு வெயிட்டிங் ரூம் ஆகிவிடுகிறது. உண்மையான வாழ்க்கை மைக் கையில் கிடைக்கும்போதுதான் தொடங்கும். ஷிஃப்ட்டுக்குப் போகிற அண்ணன், மீன் கூடை தூக்குகிற அக்கா, ட்யூஷன் எடுக்கிற தங்கச்சி எல்லோரும் ஏதோ ஒரு அழைப்புக்காகப் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருப்பவர்கள். சாட்சி சொல்ல எழுந்திருப்பவர்கள்கூட இங்கிருந்து எப்படி வெளியே வந்தோம் என்றுதான் சொல்கிறார்கள். அம்பத்தூரில் வீடு, துபாயில் வேலை. இங்கேயே இருக்கிறேன், கர்த்தர் நல்லவர் என்று சாட்சி சொல்லி நான் கேட்டதில்லை.

'ஊழியம்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் அதற்கு இரண்டு அர்த்தம். காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பவர் ஊழியர். மாலையில் மேடையில் ஜெபிப்பவரும் ஊழியக்காரர். யாரும் இந்த இரண்டையும் சேர்த்து யோசிப்பதில்லை. ஆனால் தென் திருவிதாங்கூரில் 19ஆம் நூற்றாண்டில் ஊழியம் என்றால் கூலியில்லாமல், மறுக்க முடியாமல், அரசுக்குச் செய்ய வேண்டிய கட்டாய வேலை. ஒடுக்கப்பட்ட சாதிகளின் தலையில் இருந்த சுமை அது. ஞாயிற்றுக்கிழமை அந்த வேலைக்குக் கூப்பிடக்கூடாது என்று அங்கிருந்த கிறிஸ்தவர்களுக்காக மிஷனரிகள் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. அந்தச் சொல்லைத்தான் நம் வேதாகமமும் சபையும் இயேசுவின் பணிக்கு வைத்திருக்கின்றன. இன்றைக்கு 'பெரிய ஊழியம்' என்று சொன்னால் மனதில் வருவது பெரிய போஸ்டர். ஒரு சொல் இவ்வளவு உயரம் ஏறியதை வேறெங்கும் பார்க்க முடியாது.

வெயிட்டிங் ரூம் கதை வேண்டாம் என்றால் இன்னொரு கதை தயாராக இருக்கிறது: உழைப்பே புனிதம். பிரெஞ்சுப் பிரபு குடும்பத்தில் பிறந்து ராணுவத்தில் இருந்த சார்லஸ் தெ ஃபூக்கோ, 1897இல் நாசரேத்துக்கே போய், அங்கிருந்த கன்னியர் மடத்தில் எடுபிடி வேலைக்காரராக இருந்தார். தோட்டத்துக் கொட்டகையில் படுக்கை. இயேசுவின் மறைந்த வாழ்வைத் தானும் வாழ வேண்டும் என்பது அவர் ஆசை. பிறகு சகாராவில் துவாரெக் மக்களோடு இருந்து 1916இல் அங்கேயே சுடப்பட்டு இறந்தார். 2022 மே 15 அன்று அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். அதே நாளில், அதே மேடையில்தான் நம்ம நட்டாலம் தேவசகாயமும் புனிதரானார். அன்று தமிழ்நாடு முழுக்க தேவசகாயம் பெயர்தான். ஃபூக்கோவை யாரும் கவனிக்கவில்லை. கவனிக்கப்படாமல் இருக்கத்தானே அவரும் ஆசைப்பட்டார்.

ஃபூக்கோ மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவர் நாசரேத்தைத் தேர்ந்தெடுத்தார். தேர்ந்தெடுக்க முடிந்தவரின் ஏழ்மைக்கும் கேட் பாஸ் மாதாமாதம் புதுப்பிக்கப்படுகிறவரின் ஏழ்மைக்கும் வித்தியாசம் உண்டு. என் சித்தப்பா ஒருவர் ஒரு கான்ட்ராக்டரிடம் பத்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தார். மூன்று மாதச் சம்பளம் நின்றுபோனபோது கூட்டத்தில் ஒருவர் அவரிடம், "இயேசுவும் தச்சன்தானே, பிரதர். அவரு கம்முனு இருக்கலையா?" என்றார். சித்தப்பா சிரித்துக்கொண்டே, "அவருக்கு யாரும் சம்பளம் பாக்கி வெச்சாங்களான்னு பைபிள்ல போடலியே" என்றார். இதைவிட நல்ல வேத விளக்கம் நான் கேட்டதில்லை. இயேசுவும் கூலிக்காரர்தான் என்பதைக் கூலிக்காரரிடம் மட்டும் சொல்கிறோம், கூலி கொடுப்பவரிடம் சொல்வதில்லை. அங்கேதான் அந்தப் பிரசங்கம் கெட்டுப்போகிறது.

அப்படியானால் அந்த மௌனம் சம்மதமா? எரிந்து அடிமையான ஒரு நகரத்தின் மேல் புது நகரம் கட்டப்படுவதைப் பக்கத்து ஊரில் இருந்து முப்பது வருஷம் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாரா? அந்த வருஷங்களைப் பற்றி யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் அவற்றின் தடயம் வேறொரு இடத்தில் இருக்கிறது: அவர் பேசத் தொடங்கியபோது வந்த சொற்களில்.

குருவி விலையைப் பாருங்கள். மத்தேயுவில் ஒரு காசுக்கு இரண்டு குருவி. லூக்காவில் இரண்டு காசுக்கு ஐந்து. கணக்குப் போட்டால் நான்குதான் வர வேண்டும். ஐந்தாவது கொசுறு. பிரசங்கத்தில் இந்த இடம் வந்தால் குருவியைவிட நாம் விலையேறப்பெற்றவர்கள் என்று தாண்டிப் போய்விடுவோம். நான் அந்தக் கொசுறிலேயே நின்றுவிடுகிறேன். சந்தையில் மிக மலிவான இறைச்சியைப் பேரம் பேசி வாங்குகிற வீட்டில் வளர்ந்தவருக்குத்தான் அது தெரியும். பழைய துணியில் புதுத் துண்டை ஒட்டுப்போட்டால் கிழியும் என்பதும், காணாமல் போன ஒரு வெள்ளிக்காசுக்காக ஒரு பெண் விளக்கேற்றி வீடு முழுக்கப் பெருக்குவாள் என்பதும், கோபுரம் கட்டும்முன் செலவுக்கணக்கு பார்க்காதவன் அஸ்திவாரத்தோடு நின்று கேலிக்கு ஆளாவான் என்பதும், மணலில் வீடு கட்டினால் என்ன ஆகும் என்பதும் படித்து வருகிற அறிவு கிடையாது. முப்பது வருஷம் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். எது என்ன விலை, யார் யாருக்குக் கடன், யார் வீட்டில் மாவு எத்தனை படி. பேச வருவதற்கு முன்னால் அவ்வளவு நேரம் ஒரு இடத்தைப் பார்த்தவர் என்று நினைக்கும்போது, ஒரு வாரக் கன்வென்ஷனுக்கு வந்து எங்கள் ஊருக்குத் தரிசனம் சொல்லிவிட்டுப் போகிறவர்களைப் பற்றி எனக்கு வரும் எண்ணங்களை இங்கே எழுத வேண்டாம்.

நம்மவர் ஒருவர் இப்படி வாசித்திருக்கிறார். தஞ்சாவூரில் 1892இல் பிறந்த ஜே. சி. குமரப்பா. லண்டனில் கணக்காயர் படிப்பு, அமெரிக்காவில் பொருளாதாரம், பிறகு காந்தியோடு கிராமத் தொழில்கள். நாற்பதுகளில் சிறையில் இருந்தபோது இயேசுவைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதினார். அதன் தலைப்பில் 'இயேசுவின் நடைமுறை' முதலில் வரும், 'போதனைகள்' அப்புறம். அந்த வரிசை போதும். பிரமாணத்தில் நாம் விட்ட மூச்சுக்குள் ஒரு கணக்காயர் நுழைந்து பார்த்திருக்கிறார்.

கூலிக்காரர் கதை ஒன்று மத்தேயுவில் இருக்கிறது. திராட்சைத் தோட்டக்காரர் விடியற்காலையில் சந்தை வெளிக்குப் போய் ஆள் எடுக்கிறார். அப்புறம் ஒன்பது மணி, பன்னிரண்டு, மூன்று. கடைசியாக மாலை ஐந்து மணிக்கும் போகிறார். இன்னும் சிலர் நிற்கிறார்கள். ஏன் நாள் முழுக்கச் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்கிறார். எங்களுக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை என்கிறார்கள். இந்தப் பதிலில் தத்துவம் எதுவும் இல்லை. மீஞ்சூர் பக்கம் காலை ஆறரைக்கு லேபர் நிற்கும் இடங்களில் கேட்டால் இதே பதில்தான் கிடைக்கும். பத்து மணிக்கு மேல் யாரும் கூப்பிட வர மாட்டார்கள் என்று தெரிந்தும் நிற்பார்கள், வீட்டுக்குப் போய் என்ன சொல்வது என்று தெரியாமல். ஐந்து மணிவரை நிற்கிறவர்களும் இருப்பார்கள் என்பது அப்படி நின்றவருக்கோ, நின்ற ஒருவரை வீட்டில் பார்த்தவருக்கோதான் தெரியும். கதையின் முடிவு தெரிந்ததுதான். எல்லோருக்கும் ஒரே கூலி. காலையில் வந்தவர்கள் முறுமுறுக்கிறார்கள்: இவர்களை எங்களுக்குச் சமமாக்கிவிட்டீரே. இந்த முறுமுறுப்புக்குத் திரும்ப வருகிறேன்.

முப்பது வயதுக்குப் பிறகு அவர் முதலில் போய் நின்றதும் வேலை நடக்கும் இடத்தில்தான். இராயபுரத்துக்குப் பெயர் எங்கிருந்து வந்தது என்று நம்மில் பலருக்குத் தெரியாது. இராயப்பர் என்றால் பேதுரு. தமிழ்க் கத்தோலிக்கர்கள் அவருக்கு வைத்த பழைய பெயர். அங்கே கடலோரப் படகுத் தொழிலாளர்கள் கட்டிய அவருடைய கோயில் இன்றும் இருக்கிறது. ஆக வடசென்னையின் ஒரு பகுதியே ஒரு கலிலேய மீனவரின் பெயரில்தான் இருக்கிறது. 1986இல் வறட்சியில் கலிலேயா ஏரி வற்றியபோது கரைச்சேற்றில் முதலாம் நூற்றாண்டுப் படகு ஒன்று கிடைத்தது. எட்டு மீட்டருக்குச் சற்று மேல் நீளம். பத்துக்கும் மேற்பட்ட வகை மரத்துண்டுகள். வேறு படகில் இருந்து எடுத்த பலகை, கிடைத்த கட்டை என்று ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு ஓட்டியிருக்கிறார்கள். புதுப்படகு வாங்க முடியாதவர்களின் படகு. அந்த ஏரிக்கரையில்தான் அந்திப்பா தன் புதுத் தலைநகரான திபேரியாவையும் கட்டினான்.

சீமோனின் படகில் இயேசு ஏறுகிற இடத்தை லூக்கா சொல்வதைக் கவனியுங்கள். ராத்திரி முழுக்க மீன்பாடு இல்லை. வலை அலசிக்கொண்டிருக்கிறார்கள். அவர் வந்து அற்புதம் செய்யவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. படகைக் கரையில் இருந்து கொஞ்சம் தள்ளுங்கள் என்று கேட்கிறார். அவர் உட்கார்ந்து பேச ஒரு இடம் வேண்டும். முதலில் உதவி கேட்டவர் அவர். மீன் அப்புறம்தான்.

2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது கரையில் வாளியால் அள்ளியதை நாடே பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்தில் இருந்து எண்ணெய் எண்ணூர் கழிமுகத்துக்கு வந்தபோது மீனவர்களே படகில் போய்க் கையால் வழித்து எடுத்தார்கள். அதே மாதம் 26ஆம் தேதி இரவு உரத் தொழிற்சாலைக் குழாயில் இருந்து அமோனியா கசிந்து பெரியகுப்பம் மக்கள் தூக்கத்தில் எழுந்து ஓடினார்கள். இந்த நாட்களில் எல்லாம் சபைகள் வந்தன, உண்மை. அரிசி வந்தது, போர்வை வந்தது, பேனரும் வந்தது. கொசஸ்தலை ஆற்றில் எத்தனை வகை இறால் இருந்தது, எது எப்போது நின்றுபோனது, சாம்பல் எந்தப் பக்கம் இருந்து இறங்குகிறது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டு யாரும் வந்ததாக நான் பார்க்கவில்லை. அவர்களுடைய படகில் உட்கார இடம் கேட்பது நமக்கு வரமாட்டேன் என்கிறது.

இதுவரை சொன்னது எல்லாம் எங்களுக்குச் சாதகமானது. அவர் எங்கள் மாதிரி ஒரு ஊரில் இருந்தார், எங்கள் மாதிரி உழைத்தார், எங்கள் விலைவாசியைப் பேசினார். வள்ளூர்க்காரர்கள் கைதட்டுவார்கள். நாசரேத்காரர்களும் தட்டினார்கள். லூக்கா நான்காம் அதிகாரம். சொந்த ஊர் ஜெப ஆலயத்தில் ஏசாயாவின் சுருளை வாசித்து, ஏழைகளுக்கு நற்செய்தி, ஒடுக்கப்பட்டவர்களுக்கு விடுதலை, அது இன்றைக்கு நிறைவேறியது என்கிறார். நம்ம யோசேப்பு பையனா இது என்று எல்லோருக்கும் பெருமை. உண்டியலைக் கொண்டுவந்திருந்தால் நிரம்பியிருக்கும். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. பஞ்ச காலத்தில் இஸ்ரவேலில் எத்தனையோ விதவைகள் இருந்தும் எலியா அனுப்பப்பட்டது சீதோன் நாட்டு சரெப்தா ஊர் விதவையிடம். எத்தனையோ குஷ்டரோகிகள் இருந்தும் எலிசாவால் சுத்தமானது சீரியாக்காரன் நாகமான். இவ்வளவுதான் சொன்னார். இரண்டு வெளியூர்க்காரர்களின் பெயர். பெருமைப்பட்ட அதே ஆட்கள் அவரை மலையுச்சிக்கு இழுத்துக்கொண்டு போய்த் தள்ளிவிடப் பார்த்தார்கள். ஏழைகளுக்கு நற்செய்தி என்றபோது யாருக்கும் கோபம் வரவில்லை. அந்த ஏழைகள் நாம்தான் என்று நினைத்தார்கள். நாம் மட்டும் இல்லை என்றதும்தான் வந்தது.

எங்கள் சபைக் கட்டடத்துக்குப் பின்னால் சபைக்குச் சொந்தமாக இரண்டு லைன் வீடுகள் உண்டு. ஒன்று காலியாகி நான்கு மாதம் ஆகிறது. ஒடிசாவில் இருந்து வந்த மூன்று பையன்கள் வாடகைக்குக் கேட்கிறார்கள். பிளான்ட் பக்கம் கான்ட்ராக்ட் வேலை. ஞாயிறு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, தமிழ் புரியாமல், போனில் ஒடியா வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, நாங்கள் எழுந்தால் எழுந்து, உட்கார்ந்தால் உட்காருகிறவர்கள். ஒருவன் கந்தமால் மாவட்டம். 2008இல் அங்கே கிறிஸ்தவர்கள் மேல் நடந்த வன்முறையில் ஆயிரக்கணக்கானோர் வீடிழந்து முகாம்களுக்கும் காடுகளுக்கும் போனார்கள். அந்தச் செய்தி வந்தபோது எங்கள் சபையில் கண்ணீரோடு ஜெபித்ததாக அம்மா சொல்வார். அந்த ஊர்ப் பையன் இப்போது எங்கள் பெஞ்சில் இருக்கிறான். கமிட்டியில் வீட்டைப் பற்றிப் பேச்சு வந்தது.

"நம்ம புள்ளைங்க வேலை இல்லாம சுத்துதுங்க. இவனுங்க வந்துதான் கூலிய இறக்கி வுட்டானுங்க. இதுல வீடு வேற குடுக்கணுமா?"

சொன்னவர் மோசமான மனிதர் இல்லை. அவர் மகனை எனக்குத் தெரியும், ஐ.டி.ஐ. முடித்துவிட்டு இரண்டு வருஷமாக நிற்கிறான். அவர் சொன்னதில் பாதி உண்மை. கூலி இறங்கியது உண்மை. ஒவ்வொரு திட்டம் வரும்போதும் உள்ளூருக்கு வேலை என்று சொல்லப்பட்டதும், நிலமும் ஆறும் போன பிறகு வேலை வேறு பக்கம் போனதும் இந்தப் பகுதியில் எல்லோரும் சொல்கிற கதை. அந்தக் கோபத்தைப் பாவம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் திராட்சைத் தோட்டத்து முறுமுறுப்பை இங்கே வைத்துப் பாருங்கள். அங்கே தோட்டக்காரர் கடைசியில் வந்தவனுக்கும் முழுக் கூலி கொடுத்தார், முதலில் வந்தவர்களுக்குக் கோபம் வந்தது. இங்கே நடப்பது தலைகீழ். கடைசியில் வந்தவனுக்குக் குறைத்துக் கொடுக்கிறார்கள், அதை வைத்து முதலில் நின்றவனின் கூலியையும் இறக்குகிறார்கள். கதையில் வரும் தோட்டக்காரரின் கணக்கு, எல்லோருக்கும் அதே கூலி என்ற அந்தக் கணக்கு, இங்கே அமலானால் ஒடிசாப் பையனைவிட எங்கள் ஐ.டி.ஐ. பையனுக்குத்தான் முதல் லாபம். அவனை மலிவாக எடுக்க முடியாது என்றால் இவனை ஒதுக்கக் காரணம் ஒன்று குறையும். அவர்களைச் சமமாக்காதே என்று நாம் முறுமுறுப்பது நம் காலையே வெட்டுகிற முறுமுறுப்பு. இதை யூனியன்காரர்கள் நூறு வருஷமாகச் சொல்கிறார்கள். சந்தை வெளியில் நின்று பார்த்த தச்சர் அதற்கும் முன்பே சொல்லிவிட்டார்.

கணக்கு சரியாக வராவிட்டாலும் அவர் அதையேதான் சொல்லியிருப்பார் என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை. சரெப்தா விதவையால் நாசரேத்துக்கு ஒரு லாபமும் இல்லை. முப்பது வருஷம் அந்த ஊரின் விலைவாசி வரை தெரிந்து வைத்திருந்தவர், அந்த ஊர் மேல் யாராலும் சந்தேகப்பட முடியாத பாசம் உள்ளவர், அந்தப் பாசத்தை வெளியூர்க்காரனுக்கு எதிராகப் பயன்படுத்த ஊர் கேட்டபோது மறுத்தார். வெளியில் இருந்து வந்த ஒருவர் இதைச் சொல்லியிருந்தால் உபதேசம் என்று ஒதுக்கியிருப்பார்கள். உள்ளூர்க்காரர் சொன்னதால் கொல்லப் பார்த்தார்கள். அந்த இடத்தில் நின்று சொல்வதற்கு அவருக்கு முப்பது வருஷம் தேவைப்பட்டிருக்கிறது என்று நான் இப்போது வாசிக்கிறேன்.

சபைகளில் லூக்கா நான்கை வாசிக்கும்போது பெரும்பாலும் இருபத்தொன்றாம் வசனத்தோடு முடிப்பார்கள். இன்றைக்கு நிறைவேறிற்று, அவ்வளவுதான், உட்காருங்கள். வாசகப் பட்டியலிலேயே அப்படித்தான் பிரித்திருக்கிறது. மிச்சம் அடுத்த வாரத்துக்கு. அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடுகிறது, வீட்டு விஷயம் திரும்ப வரும். அன்றைக்கு வேத வாசிப்பு என் முறை. பாஸ்டரிடம் முப்பதாம் வசனம் வரை வாசிக்கிறேன் என்று கேட்டிருக்கிறேன். "நீளமா இருக்குமே தம்பி" என்றார். இன்னும் ஒன்பது வசனம்தான் பாஸ்டர் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.